மூன்று வாய் சோறு

தண்டையார்பேட்டையில், ரயில் தண்டவாளத்தை ஒட்டின தெருவில் என் தங்கச்சியின் வீடு இருக்கிறது. அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி. மூடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் அவள் மகனின் பெயரும் அவனுடைய பட்டாள எண்ணும் எழுதியிருக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள் அந்தப் பெட்டியைத் திறப்பாள். அவன் இறந்த நாளில் அல்ல, பிறந்த நாளில். உள்ளே ஒரு சோப்பு டப்பா, பூட்ஸுக்குப் போடும் பிரஷ், ஓரம் உடைந்த கேரம் ஸ்ட்ரைக்கர் ஒன்று, பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று மூன்று சுற்றாகக் கட்டிவைத்த பச்சைக் கம்பளி ஸ்வெட்டர். பட்டாளத்தில் எல்லோருக்கும் கொடுக்கிற அதே ஸ்வெட்டர்தான். தோளில் துணிப்பட்டை, முழங்கையில் ஒட்டு. கடைசியாக அவன் போட்டுக் கழற்றியதை யாரோ துவைக்காமல் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அந்தப் புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

தங்கச்சி முடிச்சை அவிழ்த்து முகத்தை அதற்குள் புதைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் நீட்டுவாள்.

"மோந்து பாருண்ணா. அவன் வாசனை கீதா?"

நானும் முகத்தை வைத்து, கண்ணை மூடி, மூச்சை ஆழ இழுத்து, "கீதும்மா. அப்படியே கீது" என்பேன். அவள் முகம் தெளிந்துவிடும். உலகத்தில் யார் சொன்னாலும் அவள் சந்தேகப்படுவாள். வாசனை விஷயத்தில் நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

நான் சொன்னது பொய். அந்த ஸ்வெட்டரில் எனக்கு ஒரு வாசனையும் தெரிந்ததில்லை. இன்றைக்கு எனக்கு எதிலுமே வாசனை தெரியாது.

இதன் கனம் புரிய வேண்டுமானால் நான் யார் என்று சொல்ல வேண்டும். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது படகுகளின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்துத்தான். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலையில் தொடங்கி, கூடை சுமந்து, மீன் தரம் பார்த்து, ஏலம் எடுத்து, இன்று ஆறு குளிர்சாதன வண்டிகளும் திருவொற்றியூரில் ஒரு குளிர்கிடங்கும் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் மூன்று மாடி முதலில் கட்டியவன் நான். இவ்வளவுக்கும் எனக்கு மூலதனம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, என் மூக்கு. செவுளைத் தூக்கி ஒரு முறை முகர்ந்தால் போதும், அந்த மீன் எத்தனை நாள் ஐஸில் கிடந்தது, நல்ல ஐஸா கெட்ட தண்ணீர் ஐஸா, அடிப்பெட்டியா மேல்பெட்டியா என்று சொல்லிவிடுவேன். ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் கருவி வைத்துப் பார்த்துச் சொல்வதை நான் அவர்கள் கருவியை வெளியே எடுப்பதற்குள் சொல்லியிருக்கிறேன். துறைமுகம் முழுக்க எனக்கு 'மூக்கர்' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இங்கே யாருக்கும் வீடு தெரியாது.

தங்கச்சியின் புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அப்போது பையனுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அவனை வளர்த்தது தாய்மாமனான நான்தான். வளர்த்தேன் என்றால் சோறும் சட்டையும் மட்டுமல்ல. அவன் என் கூடவே ஏலக்கூடத்துக்கு வருவான். அங்கே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. என் தோள் துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டிவிட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் என் மூக்குக்கு நேரே நீட்டுவான். நான் சொல்ல வேண்டும். சங்கரா மீன். காரப்பொடி மீன். இறால் ஓடு. டீசல் துணி. டீக்கடை பன். சுற்றி நிற்கிற மீன்காரிகள் கைதட்டுவார்கள். ஒரு நாள் எல்லாம் காட்டி முடித்து, கடைசியாக ஒன்றை நீட்டினான். சூடாக, ஈரமாக இருந்தது. உப்பும் தேங்காய் எண்ணெயும் பென்சில் தூளும் கலந்த ஒரு வாசனை.

"இது இன்னா மீனு சொல்லு மாமா."

"இது என் மாப்ளைடா" என்றேன். அவன் தன் உள்ளங்கையை நீட்டியிருந்தான். மாப்பிள்ளை என்றுதான் அவனை நான் செல்லமாகக் கூப்பிடுவது. கட்டை அவிழ்த்தபோது அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. அதற்கப்புறம் பல வருஷம், என்னால் அவனுடைய வாசனையைக் கூட்டத்தில் பிரித்தெடுக்க முடியும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். முடியும்தான். முடிந்தது.

வளர்ந்ததும் என் குளிர்கிடங்கைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருந்தேன். அவனோ விடிகாலையில் எழுந்து அலைதடுப்புக் கல்லின் மேல் வெறுங்காலில் ஓடுவான். ஏன்டா என்றால், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆறு வண்டி வைத்திருக்கிறேன், நீ ஏன்டா துப்பாக்கி தூக்க வேண்டும் என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே, "உன் கடையில குந்திகினா சாவுற வரைக்கும் நான் மூக்கரோட மருமவன் மாமா. பட்டாளத்துல பேரைக் கூப்புடுவாங்க இல்ல?" என்றான். நானும் ஒரு காலத்தில் என் அப்பனின் பெயரிலிருந்து வெளியே வரத்தானே ஐஸ் உடைக்கப் போனேன். அவன் தேர்வானதும் தெரு முழுக்கப் பிரியாணி போட்டேன். அவனைப் பட்டாளத்தில் சேர்த்ததே நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அவனும் மறுக்கவில்லை.

கொரோனா இரண்டாம் தடவை வந்த வருஷம் அவன் விடுமுறையில் வந்திருந்தான். வடக்கே பனிமலையில், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படைகளைக் குவித்துவைத்திருந்த நேரம். அவனுடைய ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள். டிவியில் தினமும் அதைப் பற்றிப் பேசினார்கள். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, விடுமுறை ரத்து, உடனே கிளம்பு என்று போன் வந்துவிட்டது. மறுநாள் மதியம் ரயில். அந்த நிமிஷமே தங்கச்சி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள், பிள்ளை திரும்பி வருகிற வரை மீனைத் தொடமாட்டேன் என்று. மீனவர் வீட்டுப் பெண் மீன் சாப்பிடாமல் இருப்பது என்றால் அது பாதிப் பட்டினி.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பத்துப் பதினைந்து நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவனுக்கு, கிளம்புகிற அன்று தாய்மாமன் தன் கையால் மீன் வாங்கி, தானே குழம்பு வைத்து, சோற்றில் பிசைந்து மூன்று வாய் ஊட்ட வேண்டும். முதல் வாய் கடலுக்கு. இரண்டாவது வாய் வீட்டில் இருப்பவர்களுக்கு. மூன்றாவது வாய் திரும்பி வருவதற்கு. பெண்கள் அந்த அடுப்புப் பக்கம் வரக் கூடாது. படகில் ஆண்கள்தானே சமைக்கிறோம், அதனால் எங்களுக்கு அது பழக்கம்தான். என் தங்கச்சி புருஷன் மட்டும், படகு கிளம்பிவிட்டது என்று ஓடி, ஊட்டிக்கொள்ளாமலே போனான். அவன் எப்படித் திரும்பாமல் போனான் என்று அவளிடம் கேட்டால் புயல் என்று சொல்லமாட்டாள். மூன்று வாய் சோறு இல்லாமல் போனான் என்றுதான் சொல்வாள்.

பையன் கிளம்ப வேண்டிய அன்று காலையில் எனக்குக் காய்ச்சல் மூன்றாவது நாள். மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரி எண்ணூரில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்ததால் கேட்க ஆள் இல்லை. நாற்பது வருஷத்தில் உடம்பு சரியில்லை என்று நான் ஏலத்துக்குப் போகாத நாள் கிடையாது. அன்றும் போனேன். நல்ல வஞ்சிரமாக ஒன்று வேண்டும். மாஸ்க்கைக் கீழே இறக்கி ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். எதிலும் கெட்ட வாடை இல்லை. எல்லாம் நல்ல மீனாகவே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. வாடை இல்லையென்றால் புதுசு. இதுதான் என் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடமே என் காலை வாரிவிட்டது. பெரிதாக ஒன்றை எடுத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரி, என் வயசுதான் அவளுக்கும், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே, இத்தயா எடுத்துகினு போற?"

"ஏன், உனுக்கு வேணுமா?"

"எனுக்கு இன்னாத்துக்கு? மாஸ்க்கைக் கயட்டும்போது மூக்கும் கூடவே வந்துடுச்சானு பாத்தேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "வஞ்சிரம் எப்டி எடுக்கறதுனு நீ எனுக்குச் சொல்லாத. நீ கவலையே படாம கவலை மீன் விக்கிறவ" என்று நானும் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன். என் கையிலிருந்த மீன் அவளுக்குக் கிடைக்கவில்லையே என்ற வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வண்டிக்கு டிரைவர் கேனிலிருந்து டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் கேனைப் பிடித்துக்கொண்டபோது கையில் வழிந்தது. வேட்டியில் துடைத்தேன். துடைத்த கையை, ஏன் என்று தெரியாமலே, மூக்குக்குக் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. மறுபடி கேனின் வாயிலேயே மூக்கை வைத்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. வாசனை போனால் அதுதான் நோய் என்று அந்த நாளில் டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய் ஆகிவிடும். எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில், டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில் தெரிந்தது.

வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மூக்கருக்கு மூக்கு போய்விட்டது என்று சாயங்காலத்துக்குள் துறைமுகம் பூராவும் தெரிந்துவிடும். அது ஒன்று. தங்கச்சி இன்னொன்று. பிள்ளை மூன்று வாய் இல்லாமல் கிளம்புவதா என்று அவள் அலறுவாள். எனக்கு மட்டும் மனசு கேட்குமா? எல்லைக்குப் போகிற பையனை ஊட்டாமல் அனுப்பிவிட்டு நான் தூங்குவேனா? சளியாக இருக்கும், மாத்திரையின் வேலையாக இருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். புளியும் பூண்டும் மாங்காயும் தாராளமாகப் போட்டு என் வீட்டு மொட்டை மாடியில் குழம்பு வைத்து, சட்டியோடு எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

அவன் உடுப்புப் போட்டு, பெட்டியைக் கட்டி, தயாராக உட்கார்ந்திருந்தான். தங்கச்சி வாசற்படியில் நின்றாள். மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நான் அவன் எதிரே உட்கார்ந்து பிசைந்தேன். முள் இருக்கிறதா என்று விரலால் பார்த்துப் பார்த்து உருட்டினேன். முதல் வாய். இரண்டாவது வாய். "மாமா கை மாமா கைதான்" என்று சொல்லிச் சிரித்தான். மூன்றாவது வாயை வாங்கியவன் மெல்லுவதை ஒரு நொடி நிறுத்தினான். என்னைப் பார்த்தான். அப்புறம் விழுங்கினான். தண்ணீர் கேட்டான். கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டான். அவன் கழுத்தில் என் முகம் அழுந்தியது. அந்தக் கழுத்தின் வாசனைதான் எனக்குக் கடைசியாகக் கிடைத்திருக்க வேண்டியது. கிடைக்கவில்லை.

ரயில் அவள் வீட்டுப் பின்பக்கமாகத்தான் வடக்கே போகும். தங்கச்சி மாடியில் நின்று முந்தானையை ஆட்டினாள். எந்தப் பெட்டியில் அவன் இருந்தான் என்று தெரியவில்லை. எல்லாப் பெட்டிக்கும் ஆட்டினாள்.

நான்காம் நாள் அவனிடமிருந்து எனக்கு வீடியோ கால் வந்தது. மலைக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முகாமில் தனியாக வைத்திருந்தார்கள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"மாமா, ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. அன்னிக்கு மீனு கெட்டுப்போய் இருந்துச்சு."

"டேய், யாரைப் பாத்து இன்னாடா சொல்ற?"

"மூணாவது வாயிலதான் தெரிஞ்சுது. நாக்கு சுருக்குனுச்சு. துப்பிடலாம்னு பாத்தேன். அது திரும்பி வர்ற வாய் ஆச்சே, எப்டித் துப்பறது? முழுங்கிட்டேன்." சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. "மீனு கெட்டது மேட்டர் இல்ல மாமா. உனுக்குத் தெர்லையே, அதான் மேட்டர். உன் மூக்குத் தப்பு பண்ணாது. ரயில் ஏறுனதுல இருந்து இதைத்தான் யோசிச்சேன். எனுக்கு இங்க பாசிட்டிவ்னு வந்துடுச்சு. நீ இப்பவே போய் டெஸ்ட் எடு."

என் கை தானாக மூக்குக்குப் போனது.

"அம்மாகிட்ட ரயில்ல எவனோ பக்கத்துல குந்தி இருமிகினே வந்தான், அவன்கிட்ட இருந்து ஒட்டிகினுச்சுனு சொல்லிட்டேன். நீயும் அத்தயே சொல்லு. இன்னா? போ மாமா, சீக்கிரம் போ."

போனேன். அன்று போனதால்தான் பிழைத்தேன் என்று டாக்டர் சொன்னார். இரண்டு நாள் தள்ளியிருந்தால் கட்டில் கிடைத்திருக்காது, கட்டில் கிடைத்தாலும் மூச்சு கிடைத்திருக்காது. அவன் அங்கே வடக்கே பட்டாள ஆஸ்பத்திரியில், நான் இங்கே ஆஸ்பத்திரியில். எனக்கு அவன் கிளம்பின பிறகு துறைமுகத்தில் ஒட்டியது என்று தங்கச்சியிடம் சொல்லிவைத்தேன். விரலில் மாட்டும் கருவியில் வரும் எண்ணை வைத்து எங்களுக்குள் ஒரு போட்டி. கேரம் ஆட்டத்தில் பாயின்ட் கேட்கிற மாதிரி கேட்பான். "இன்னா மாமா, உன் ஸ்கோர் எவ்ளோ?" "தொண்ணூத்தி ஒண்ணுடா." "நான் தொண்ணூத்தி நாலு. தோத்துட்ட போ." தினமும் என்னை விட இரண்டு மூன்று கூடுதலாகவே சொன்னான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதிலும் யாருக்கும் தோற்காத நான், அவனிடம் தோற்பதற்காகவே அந்தக் கட்டிலில் காத்துக் கிடந்தேன். ஒரு நாள் அவன் கேமராவை ஆன் பண்ணவில்லை. பேசும்போது பின்னால் ஒரு இயந்திரம் புஸ் புஸ் என்று மூச்சு விட்டது. "தொண்ணூத்தி அஞ்சு மாமா" என்றான். மறுநாள் நான் கூப்பிட்டபோது அவன் போனை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை.

அவனுக்கு இருபத்து நாலு வயது. எதிரியின் குண்டு வரும் என்று எதிர்பார்த்து நெஞ்சைத் தயாராக வைத்திருந்தவன். அந்த மலையை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. உடலை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயே மரியாதையோடு தகனம் செய்துவிட்டு, ஒரு மாதம் கழித்து இரண்டு சிப்பாய்கள் கலசத்தையும் இந்தத் தகரப் பெட்டியையும் கொண்டுவந்தார்கள். தங்கச்சி கலசத்தைத் தொடவில்லை. நான்தான் படகில் கொண்டுபோய்க் கடலில் கரைத்தேன். அவள் பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவள் ரயிலைச் சபிக்க ஆரம்பித்தாள். வடக்கே போகும் ஒவ்வொரு ரயிலுக்கும் கொல்லைப்பக்கம் வந்து நின்று, அந்த முகம் தெரியாத இருமல்காரனைச் சபிப்பாள். "என் புள்ள பக்கத்துல வந்து குந்துன பாவி, உன் வூட்டுல ஒரு புள்ள இப்டிப் போவணும். நீ தூக்கி வளத்த புள்ள போவணும். அப்பதான் தெரியும் உனுக்கு." நான் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். நான்கு வருஷம் விழுந்தது. மீனும் அவள் தொடவில்லை. வேண்டுதல் இன்னும் முடியவில்லை என்றாள்.

நான் வியாபாரத்தை விடவில்லை. செவுளின் நிறம், கண்ணின் தெளிவு, வயிற்றை அழுத்தினால் விரல் பதிகிறதா என்று பார்த்துச் சமாளித்துவிட்டேன். பழக்கத்தில் மூக்கையும் வைத்துப் பார்ப்பதாக நடிப்பேன். சாமர்த்தியம் இருந்தால் எதையும் ஓட்டிவிடலாம். துறைமுகத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவேளை அந்த மீன்காரிக்குத் தெரியுமோ என்னவோ, கேட்டதில்லை. ஆனால் தனியாக இருக்கும்போது மனசு ஏங்குகிறது. சோற்றின் வாசனைக்கோ மழை வாசனைக்கோ அல்ல. என் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சின்னக் கை என் மூக்குக்கு நேரே நீண்டு வரும் அந்த நிமிஷத்துக்கு. சூடும் ஈரமும் இப்போதும் நினைவில் இருக்கின்றன. வாசனை மட்டும் நினைவிலிருந்தும் போய்விட்டது. உப்பு, தேங்காய் எண்ணெய், பென்சில் தூள் என்று வார்த்தையாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷம் அவன் பிறந்த நாளில் தங்கச்சி பெட்டியை இழுத்தாள். மூன்று பைகளையும் அவிழ்த்தாள். முகத்தை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"எனுக்குத் தெர்லண்ணா. ஒண்ணுமே தெர்ல. போயிடுச்சா? நீ சொல்லு. உன் மூக்குக்குத் தெரியும் இல்ல? கீது தானே?"

ஸ்வெட்டரை என் மடியில் போட்டாள். நான் 'கீது' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்த வருஷம் வரை அவள் அதை வைத்துக்கொண்டு உயிரோடிருப்பாள். வாய் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை.

"எனுக்கு எப்பவுமே தெரிஞ்சது இல்லம்மா."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன், டீசல் கேன், மூன்றாவது வாய், அவன் போனில் சொன்னது, ரயிலில் எவனும் இருமவில்லை என்பது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது வடக்கே போகும் ரயில் வந்தது. வீடு அதிர்ந்தது. அவள் பழக்கத்தில் எழுந்து இரண்டு அடி வைத்துவிட்டு நின்றுவிட்டாள்.

"அப்போ நான் நாலு வருசமா..." என்றாள். "உன்னையா? உன் வூட்டுல ஒரு புள்ள போவணும்னு..."

"போச்சும்மா" என்றேன். "என் வூட்டுலயும் ஒரு புள்ள போச்சு. அதே புள்ளதான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. படித்தவர்களுக்கு அதற்கு ஒரு வார்த்தை இருக்கலாம். ஸ்வெட்டரை என் மடியிலிருந்து இழுத்துக்கொண்டு சொன்னாள். "எம்புள்ள உனுக்காக ஒண்ணே ஒண்ணு பொத்தி வெச்சான். அத்தயும் தொறந்துட்ட. போண்ணா. எந்திரிச்சிப் போ." போனேன்.

இருபது நாள் அவள் வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று ரயில் போகும்போது காது கொடுத்துக் கேட்பேன். சாபம் வரவில்லை. சாபம் வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

இருபத்தோராவது நாள் காலையில், ஏலம் முடிந்து கூடம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பிளாஸ்டிக் பையோடு அவளே வந்தாள். புருஷன் போன பிறகு அவள் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. அவள் ஒரு கூடையிலிருந்து சங்கரா மீன் ஒன்றை எடுத்தாள். செவுளைத் தூக்கித் தான் முகர்ந்தாள். பிறகு அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எப்டி கீது?"

இவ்வளவு பேர் நடுவில் அவள் கேட்டாள். அந்த மீன்காரியும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது, ஒரு பொய் சொல்வதற்குத் தேவையான எல்லாமே அந்த மீனில் இருந்தது.

"தெர்லம்மா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "எனுக்கு மூக்கு போய் நாலு வருசம் ஆவுது."

யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சி மீனைக் கூடையில் திரும்பப் போட்டாள். கையை என் தோள் துண்டில் துடைத்தாள். கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்தாள்.

"எனுக்கு இதுல இனிமே ஒண்ணும் இல்ல. கடைசி வாசனைய நான் மோந்து தீத்துட்டேன். உனுக்கு ஒரு தடவகூடக் கெடைக்கல. என்னிக்குனா உனுக்கு மூக்கு திரும்பி வந்தா, அதுல அவன் கீறானா இல்லையானு நீதான் பாத்துச் சொல்லணும். அதுவரைக்கும் வெச்சிக்க." போகும்போது திரும்பிப் பார்க்காமலே, "துவைச்சுத் தொலைச்சிடாத" என்றாள்.

டாக்டர் எனக்கு ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து, அதன் பழைய வாசனையை மனசில் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். சிலருக்கு வருஷக்கணக்கில் கழித்தும் திரும்பியிருக்கிறதாம். முன்பு நான் அதைச் செய்ததில்லை. நடித்தே ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். இப்போது ஒரு நாள் தவறுவதில்லை. கிராம்பு. எலுமிச்சை. தைலம். கடைசியாக மூன்று பைகளையும் அவிழ்த்து ஸ்வெட்டரை எடுக்கிறேன். தோள் துண்டால் நானே என் கண்ணைக் கட்டிக்கொள்கிறேன். அறுபத்தேழு வயதில் ஒரு மனுஷன் மொட்டை மாடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிர் மாடிக்காரர்கள் என்ன நினைத்துக்கொள்கிறார்களோ, நினைத்துக்கொள்ளட்டும். முகத்தை உள்ளே வைத்து, 'இது இன்னா மீனு' என்று கேட்கும் அந்தச் சின்னக் குரலுக்காகக் காத்திருந்து, மூச்சை இழுக்கிறேன்.

இன்று காலையும் இழுத்தேன். கம்பளி மூக்கில் குத்தியது. இன்னும் ஒரு முறை இழுத்தேன்.